பாதை இல்லாத மலைக்கு ஒரு ஜீப்

தோட்டச் சங்கத்தில் பிரசாரகனாக இருப்பவனுக்கு நாக்குக்கு முன்னால் முழங்கால் தேய்ந்துவிடும். மழையில் மலையேறி, காவல்காரனிடம் ஏச்சு வாங்கித் திரும்பிய தோழர்களே, இது உங்களுக்குத்தான்.

சுவரில் வரைந்த வண்டி

மலைநாட்டு ஹற்றனில் கராஜ் வைத்திருந்தார் மெக்கானிக் சுனில் பாஸ். பட்டாளம் யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துப் போட்டிருந்தார். சுவரில் கரித்துண்டால் ஒரு புது வண்டி வரைந்திருந்தார். முகம் அதே ஜீப்தான்; ஆனால் லொறிச் சக்கரம், நெஞ்சளவு உயரம், பின்னால் எட்டு மூட்டைக்கு இடம். அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு வருடம் உழைத்தார். எந்தத் தலைவரின் பேச்சிலும் எனக்கு வராத மரியாதை அந்தச் சுவரின் முன்னால் வந்தது. எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

"ரோட்டுல ஓடுற வாகனம் எல்லாரும் செய்வான், அண்ணே. நான் ரோடு இல்லாத ஆளுக்குச் செய்றேன்."

சங்கிலி

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்தின் நிறையைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று வாய் திறந்தாள் மாரியாயி. வேலை போயிற்று; தொழிலாளர் லயத்தில் அவள் குடியிருந்த காம்பரா அறையையும் விடச் சொன்னார்கள். மலை உச்சியிலிருந்த அவளுடைய மேல் டிவிசன் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. தோட்டத்தை நடத்திய துரை ரோட்டுக்குச் சங்கிலி போட்டு அரிசியை மறித்தார். பத்தாம் நாள் அடுப்பு எரியவில்லை. அன்றைக்கு அரிசி ஏறாவிட்டால் மறுநாள் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். மாரியாயி தெருவில் நிற்பாள்.

எங்கள் தலைமையகம் உறுதியாக இருக்கும்படி தந்தி அடித்தது. பாஸ் செய்து முடித்த வண்டியில் அரிசி மூட்டைகளை ஏற்றினார்; நானும் தொற்றிக்கொண்டேன். சங்கிலிக்கு முன்னால் வண்டியை நிறுத்தியவர், ஸ்டியரிங்கை ஒடித்துப் பக்கத்து மேட்டில் ஏற்றினார். காவல்காரன் கம்பைப் போட்டுவிட்டுக் கத்தினான்:

"ஐயோ, ரோடு இந்தப் பக்கம் இருக்குங்க!"

மாரியாயியின் நிரை

பாதி மலையில் தேயிலை தொடங்கியது. செடிகளை மிதித்து நேரே போனால் லயத்துக்குப் பத்து நிமிடம். லயத்திலிருந்து ஓடி வந்த மாரியாயி சக்கரத்துக்கு முன்னால் கைவிரித்து நின்றாள். "துரையின் தேயிலைக்கு நீ என்ன காவலா?" என்று எரிந்து விழுந்தேன். பட்டினி கிடந்தவள், அசையவில்லை.

"சண்டை தொரையோடதானுங்களே, செடி என்னாங்க பண்ணுச்சு? நாளைக்கு அந்த நெரையில கொழுந்தெடுக்க நான்தானே நிக்கணும்!"

ஓடை

பாஸ் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஓடைக்குள் இறக்கினார். பாறை மேல் பாறையாக, மூச்சிரைத்துக்கொண்டு அது ஏறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு மூட்டைகூட நனையவில்லை.

அரிசி இறக்கும்போது துரை வந்தார். ஒரு காலத்தில் பட்டாளத்தில் கப்டனாக இருந்தவர். கொதித்து வந்த மனிதர் குனிந்து வண்டியின் அடிவயிற்றை நெடுநேரம் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் ஏதோ முணுமுணுத்தார். அவர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்:

"போலீசக் கூப்பிடத்தாங்க வந்தாரு. இப்ப, வண்டி விலைக்குக் கெடைக்குமான்னு கேக்கச் சொல்றாரு."

அரிசி இனி நிற்காது என்று கண்ட துரை அதிலிருந்து நான்காம் நாள் மாரியாயியை வேலைக்குத் திரும்ப அழைத்தார். வெற்றிக் கூட்டத்து மாலையோ கொழும்பிலிருந்து வந்த தலைவருக்குப் போனது, ஏனென்றால் ஜீப்புக்குக் கழுத்து இல்லை.