பக்கத்து மனையில் சிவப்புச் சில்லை

சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. காரைக்குடியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. வெறுங்கையோடு நடக்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பறவை பார்க்கத் தொடங்கியது அப்படித்தான். இரண்டு வருடத்தில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, நூற்றுச் சொச்சம் பறவைகளைப் பார்த்தும்விட்டேன். சிவப்புச் சில்லையைத் தவிர.

சிட்டுக்குருவியைவிடச் சிறியது. மழைக்காலத்தில் ஆண் பறவை செக்கச் சிவந்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளும். புல்வெளிதான் அதன் இடம். குழுவில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். முந்தின வாரம் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, பஸ்ஸில் போகும்போதே பார்த்ததாகப் படம் போட்டாள். அன்று வகுப்பில் நான் கொஞ்சம் கடுமையாக இருந்தேன் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கண்டரமாணிக்கம் கண்மாய்க் கரையில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு, மூன்று வாரம் நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "என்னம்மா, இங்குட்டும் பிளாட் போடப் போறீகளா?" என்று கவலையோடு கேட்டார். சிங்கம்புணரிப் பக்கம் ஒரு தரிசில், புல் நுனியில் சிவப்பாக எதுவோ ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் புகுந்து போனேன். பிஸ்கட் உறை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் சிங்கப்பூரில். அந்த ஐப்பசி மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரம்மா அதற்குள் பாம்பு போவதைப் பார்த்ததாகச் சொன்னதும் தெரு திரண்டது. நகராட்சிக்கு மனு எழுதும் பொறுப்பு தமிழாசிரியைக்குத்தானே வரும்? 'நச்சுயிர்களின் உறைவிடமாகத் திகழும் இப்புதர்க்காட்டை வேரோடு அகற்றி' என்று எழுதினேன். பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 'வேரோடு' எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மனு கொடுத்த நாலாம் நாள் காலை, மாடியில் துணி காயப்போடப் போன என் கணவர் கூப்பிட்டார். அவருக்குப் பறவைகளில் காக்காயும் கோழியும்தான் தெரியும். கோழி குழம்பில் கிடந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்வார்.

"இங்குட்டு வா. புல்லுல தக்காளிப் பழம் மாதிரி ஒண்ணு ஒக்காந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். பைனாகுலரே தேவைப்படவில்லை. ஒரு புல் தண்டை வளைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. சிவப்பு அலகு, சிவப்பு மார்பு, விலாவில் சுண்ணாம்பைத் தெறித்ததுபோல் புள்ளிகள். மெல்லிய குரலில் ஏதோ முனகியது. கீழே பழுப்பு நிறப் பெண் பறவை, தன்னைவிட நீளமான புல் இதழை இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது. கூடு கட்டுகிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா ரெண்டு வருசமா அலைஞ்ச?" என்றார் அவர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. நான் எழுதிய மனுக்களிலேயே உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுதான். பள்ளிக்குக் கிளம்பிய கோலத்திலேயே ஓடிப்போய் எந்திரத்துக்கு முன்னால் நின்றேன்.

"அங்குட்டு ஒதுங்குங்க டீச்சர்," என்றார் டிரைவர்.

"வெட்டாதீக. உள்ள குருவி கூடு கட்டியிருக்கு."

கூட வந்திருந்த நகராட்சி மேற்பார்வையாளர் கையிலிருந்த தாளைப் பிரித்தார். "புல்ல எடுக்கச் சொல்லி நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீக? வேரோடனு வேற போட்டிருக்கீக."

அவ்வளவு நல்ல நடையில் எழுதியிருக்கக் கூடாது. காலையிலிருந்து கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். சலிப்போடு வாங்கிக் கண்ணில் வைத்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில், "பதினோரு பேரும் வேணாம்னு எழுதிக் குடுத்தா, பின்பக்கத்தை விட்டுட்டு ரோட்டோரம் மட்டும் எடுத்துர்றேன்," என்றார்.

பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எதிர்வீட்டுக்காரம்மா பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்: "பாம்பு வந்தா ஒங்க குருவிய அனுப்பி வைப்பீகளா டீச்சர்?" பொங்கல் வரைக்கும்தான் என்று கெஞ்சிய பிறகு போட்டாள்.

அந்த ஞாயிறு எங்கள் மாடியில் இருபது பேர், ஆளுக்கொரு கேமராவோடு. பஸ்ஸிலிருந்து பார்த்த மாணவியும் வந்திருந்தாள். என் கணவர் எல்லோருக்கும் டீ கொடுத்து, "மொதல்ல பாத்தது நான்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழுவின் பதிவிலும் கண்டவர் என்று அவர் பெயரே ஏறியது. நான் திருத்தவில்லை. திருத்த நினைத்தேன்.

குஞ்சுகள் நான்கு வெளியே வந்தன. பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம், இத்தனை பேர் பார்த்ததைத் தானும் பார்க்க வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தாள். அதற்குள் ஆண் பறவையின் சிவப்பு பெரும்பாலும் உதிர்ந்திருந்தது. புல்லில் மங்கலாக ஆறு குருவிகள் விதை கொத்திக்கொண்டிருந்தன.

"இதுக்கா நான் கையெழுத்துப் போட்டேன்?"

"இனப்பெருக்கக் காலம் முடிஞ்சா அந்த நிறம் போயிரும்," என்று விளக்கினேன். "குடும்பம்னு ஆயிருச்சுல்ல."

அவள் பைனாகுலரை இறக்கி, கைலியோடு தொட்டித் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரை ஒருமுறை பார்த்தாள்.

"அது எல்லா வீட்டுலயும் அப்படித்தான் டீச்சர்," என்றாள்.

பிறகு பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டாள். இருட்டும்வரை திருப்பித் தரவில்லை.