கிஃப்ட் பலகையின் கீழே

எங்கள் மாமாவுக்கு ஐந்து தேசத்துப் பாஷை தெரியும் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அவருக்குத் தெரிந்தது பாஷை இல்லை, வெறும் வார்த்தைகள். அம்மாவின் தம்பி அவர். பத்தாவது தேறாமல் எங்கள் வீட்டோடு தங்கி, மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குக் கோயில்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்த வார்த்தையை எல்லாம் ஒரு நீள நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பார். ஒரே எழுத்துக்கூட்டலுக்குத் தேசத்துக்குத் தேசம் அர்த்தம் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம். பிரெஞ்சுக்காரன் ரொட்டிக்கு எழுதும் நாலு எழுத்து இங்கிலீஷ்காரனுக்கு வலியாம். ஜெர்மன்காரன் ஆலோசனை என்று எழுதுவது இங்கிலீஷில் எலியாம். "இன்னா கூத்து பாரு பாப்பா!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

அவற்றில் முதலிடம் 'கிஃப்ட்'டுக்கு. கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையில் சங்குக் கடை, கற்சிலைக் கடை எல்லாவற்றின் தலையிலும் அந்தப் பலகைதான். மாமா அதன் கீழே நின்று கையை விரிப்பார். "இங்கிலீஷ்காரர்களே, உள்ளே வாருங்கள், இது பரிசு. ஜெர்மன்காரர்களே, தள்ளி நில்லுங்கள், உங்கள் ஊரில் இது விஷம். ஸ்வீடன்காரர்களே, யோசித்து வாருங்கள், உங்களுக்குக் கல்யாணம் ஆனவர் என்பதும் இதுதான், விஷமும் இதுதான்!" எல்லாம் இங்கிலீஷில். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மற்ற வழிகாட்டிகள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். அது மாமாவின் சரக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அரையாண்டுப் பரீட்சை லீவு. மாமாவுக்குத் திருப்போரூரில் பெண் பார்த்திருந்தார்கள். மாமாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது எடுத்துப் பார்ப்பார். நான் பார்த்துவிடுவேன். பெண்ணின் அப்பாவோ, "நெலையா ஒரு வேலை கீதுன்னு சொல்லுங்க, மறுநாளே தட்டு மாத்திக்கலாம்" என்றுவிட்டார். கல்பாக்கத்தில் மாதச் சம்பளம் வாங்கிய எங்கள் அப்பா, "ஏன் மச்சான், கல்லைக் காட்டிப் பேசிகினு இருக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று குத்துவார்.

அந்த நேரத்தில்தான் சென்னை டிராவல்ஸ் ஒன்று ஒரு குழுவை மாமாவிடம் ஒப்படைத்தது. குழுவின் தலைவியம்மாள் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால், இனி அவர்கள் அனுப்பும் குழுக்கள் எல்லாம் மாமாவுக்கே. அம்மா முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

எனக்கு வயது பத்து, வாய்க்கு மட்டும் இருபது. மாமாவின் கொடி பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று சங்குக் கடை வாசலில் போய்க் காத்திருந்தேன். குழு வந்ததும் மாமா டிக்கெட் வாங்க வரிசைக்குப் போனார். பலகையின் கீழே பதினைந்து பேர் சும்மா நின்றார்கள். நான் சும்மா இருப்பேனா? கையை விரித்தேன். மாமாவின் சரக்கை ஓர் எழுத்துக் குறையாமல் எடுத்துவிட்டேன். அப்படிச் சிரித்தார்கள்! ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நாலு கலர் பேனா ஒன்றை நீட்டினார்.

தலைவியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். "மை அங்கிள்!" என்று வரிசையில் நின்ற மாமாவைப் பெருமையாகக் காட்டினேன். பள்ளிக்கூடம் போகிறாயா என்று அடுத்துக் கேட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் வெள்ளைக்காரர்களுக்கென்றே ஒரு பல்லவி இருந்தது: "நோ பென், நோ புக், நோ ஸ்கூல்." வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிறவனும் அதைச் சொல்லித்தான் கேட்பான். அம்மாவின் காதில் விழுந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும். ஆனால் பேனா வந்துவிட்டது, நோட்டும் வரட்டுமே என்று எனக்கு ஆசை. முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு மூன்றையும் ஒப்பித்தேன். பாவி, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே 'நோ பென்' என்றேன்.

மாமா டிக்கெட்டோடு வந்தார். தலைவியம்மாள் அவரைத் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டாள். குழந்தையைப் படிக்க அனுப்பாமல் கையேந்தப் பழக்கியிருக்கிறாயா, அவள் சொன்னது உண்மையா என்று கேட்டிருக்கிறாள் என்பது பின்னால்தான் புரிந்தது. அப்போது எனக்கு 'ஸ்கூல்' என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"சாரி மேடம்" என்றார் மாமா. அவ்வளவுதான். அவள் தன் கையிலிருந்த குறிப்பு நோட்டை மூடினாள். மாமா பலகையின் கீழே நிற்காமலே கோயிலுக்கு நடந்தார்.

டிராவல்ஸிலிருந்து அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. "இன்னாடா ஆச்சு?" என்று அம்மா உலுக்கியபோது, "அவுங்களுக்கு வேற ஆள் கெடைச்சிட்டாங்கக்கா" என்றார். "உனக்கு வாய் மட்டுந்தான் கீது" என்று அம்மா அழுதாள். தை மாதம் திருப்போரூர்ப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. மாமா முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு பங்களாவுக்குக் காவல் வேலைக்குப் போனார். நீள நோட்டு எங்கள் வீட்டுப் பரணுக்குப் போனது. அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

'பொய் சொல்லுது மேடம், அஞ்சாவது படிக்குது' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அத்தனை வார்த்தை தெரிந்தவருக்கு அந்த நேரத்தில் இங்கிலீஷ் வரவில்லை போலும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தம்மாள் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது உறைத்தபோது, எனக்கே பத்து வயதில் ஒரு பெண் இருந்தாள். மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

அன்றைக்குக் குழுவை வண்டி ஏற்றிவிட்டு, என்னை வீட்டுக்கு நடத்திக் கூட்டிவந்தார். அடி விழும் என்று நான் ஒடுங்கி வந்தேன். பாதி வழியில், "பேனா எழுதுதா பாப்பா?" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. உள்ளங்கையில் பச்சை மையால் பெயரை எழுதினேன். நோட்டு அட்டையில் எழுதிய பழக்கத்தில் அதன் கீழேயே 'ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு' என்று பள்ளிக்கூடப் பெயரையும் சேர்த்து எழுதிக் காட்டினேன். மாமா என் கையைப் பிடித்து ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"எழுத்து நல்லா கீது" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, மற்ற மூன்று கலரிலும் அதையே எழுதிக் காட்டிக்கொண்டு வந்தேன்.