அப்பாவின் ஆட்டோவில் ஏறிய தேர்வாளர்

அண்ணாமலையாரை நம்பி வாழ்கிற உங்கள் எல்லாருக்கும் அருணாவின் வணக்கம். நம் பிரதோஷக் குழுவில் பலரும் தங்கள் அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னைச் சொல்லச் சொன்னால் மட்டும் ஏதாவது வேலை இருப்பதாக நழுவிவிடுவேன். என் விஷயத்தில் அப்பாவும் இருக்கிறார். அவர் அனுமதி கொடுத்த பிறகே இதைச் சொல்கிறேன்.

போன வருடம் மாசி மாதம் எங்கள் எம்.பி.பி.எஸ். கடைசி வருடத் தேர்வு முடிவு வந்தது. பொது மருத்துவத்தில் கல்லூரியிலேயே நான் முதல். அம்மா தான் வேலை செய்யும் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார். வேங்கிக்காலில் எங்கள் தெருவே வீட்டு வாசலில் நின்றது. அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான் இருந்தது.

காலையில் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. ராஜகோபுரத்துக்கு எதிரே ஓர் ஆட்டோ நிற்கிறது. அதன் பக்கத்தில் காக்கிச் சட்டையில் என் அப்பா, தலையைக் குனிந்து நிற்கிறார். அவர் தோளில் கை வைத்தபடி இன்னொருவர் நிற்கிறார். எங்களுக்குச் செய்முறைத் தேர்வு வைக்க வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் அவர். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் என்னைக் கேள்வி கேட்டவர். போட்டோவுக்குக் கீழே ஒரே வரி: "முதல் மார்க் எப்படி வந்துச்சுன்னு இப்ப தெரியுதா?"

யாரோ லிங்க் வழியாகக் குழுவுக்குள் வந்து, போட்டோவைப் போட்டுவிட்டு, உடனே வெளியேறியிருந்தார்கள். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. முதல் வருடம் வகுப்பில் பாதி புரியாது. அனாடமியில் ஃபெயில் ஆனேன். கூடப் படித்தவர்கள் அடுத்த வருடத்துக்குப் போக, நானும், போளூரிலிருந்து வந்து என்னைப் போலவே ஃபெயில் ஆன புவனாவும் பின்தங்கி நின்றோம். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாகவே படித்தோம். ஒரு பாடத்தை அவள் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும், நான் அவளுக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வார்டை விட்டுப் போன பிறகும் நாங்கள் நோயாளிகளோடு பேசிக்கொண்டிருப்போம். நர்ஸ் அக்கா விரட்டும்வரை கிளம்ப மாட்டோம். அப்படி ஏறி வந்த மார்க் அது. அதற்குத்தான் இப்படி ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். கோட்டாவில் வந்தவளுக்கு முதல் மார்க்கா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இரண்டு நாளில் டீனுக்குப் பெயரில்லாத புகார் போய்விட்டது. டீன் என்னைக் கூப்பிட்டார். விசாரணை வைப்பதாகவும், உண்மை என்று தெரிந்தால் என் ரிசல்ட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்கு அதிக பயமாக இருந்தது.

அந்த வாரம் நான் யாரையும் நம்பவில்லை. என் அப்பாவின் முகம் கல்லூரியில் யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவள் புவனா ஒருத்திதான். இந்த நினைப்பு வந்ததிலிருந்து அவள் என்ன செய்தாலும் தப்பாகத் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தால், ஏன் கவிழ்க்கிறாள்? வராண்டாவுக்குப் போய்ப் பேசினால், யாரிடம் பேசுகிறாள்? அவள் ஆறுதல் சொன்னபோதுகூட, நான் என்ன சொல்கிறேன் என்று வேவு பார்ப்பது போல இருந்தது. என் போனின் பூட்டு எண்ணை மாற்றினேன். அவள் அதைக் கவனித்தாள்.

ஆனால் என்னை உள்ளே அரித்த சந்தேகம் வேறு. அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் போட்டோ பொய் இல்லை. அப்பா உண்மையிலேயே அந்த சாரோடு நின்றிருக்கிறார். ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில்தான் அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டு. வருகிறவர்களிடம் நன்றாகப் பேசுவார். என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் அந்த சாரிடம் என் பெயரைச் சொல்லியிருந்தால்? கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? வைவாவில் சார் என்னிடம் ஒருமுறை சிரித்தாரே, அது எதற்கு?

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அந்த சார்கிட்ட என்னைப் பத்தி சொன்னியாப்பா?"

"நான் ஒண்ணியும் கேக்கலம்மா. வண்டியில ஏறுனாரு. கிரிவலப் பாதை சுத்திக் காட்டுனேன். கோயில்ல விட்டேன். அவ்ளோதான்."

"அப்ப ஏன் தோள்ல கை வெச்சிருக்காரு? என்ன பேசினீங்க?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "அத்த மட்டும் கேக்காதம்மா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றும் இல்லையென்றால் ஏன் சொல்லக் கூடாது? அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. என் தேர்வு நடந்த நாளிலிருந்து அப்பா கோயிலுக்குள் போவதில்லையாம். கோபுர வாசல் வரை போய் வெளியிலேயே நின்றுவிட்டு வருகிறாராம். விடியற்காலையில் சவாரிக்குப் போகும் முன்னால், செருப்பு இல்லாமல் மலையைச் சுற்றி நடக்கிறாராம். என்ன வேண்டுதல் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாராம்.

"ஏதோ தப்பு பண்ண மாதிரியே இருக்காரு அருணா," என்றார் அம்மா.

அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? அப்பா கேட்டிருக்கிறார், சார் மார்க் போட்டிருக்கிறார் என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். அப்படியென்றால் நான் படித்த படிப்பெல்லாம் என்ன? எனக்கு என்மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் தனியாகக் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது வேண்டுதலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னைக் காப்பாத்து சாமி, அந்தப் புகார் நிற்கக் கூடாது, அப்பா எதையாவது பேசியிருந்தாலும் அது வெளியே வரக் கூடாது. இதுதான் நான் கேட்க நினைத்தது. மறைத்துவிடு என்று கடவுளிடமே கேட்கப் போயிருந்தேன்.

சன்னதி முன்னால் வந்ததும் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். நகருங்கள் என்று சத்தம். தீபாராதனை வெளிச்சத்தில் அண்ணாமலையாரைப் பார்த்தேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை. "எது நடந்துச்சோ அது வெளிய வரட்டும் சாமி. எனக்கு எதிரா இருந்தாலும் வரட்டும். எங்கப்பாவ மட்டும் நீ பாத்துக்கோ," என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் என்னை வெளியே கொண்டுவந்துவிட்டது. பிராகாரத்தில் உட்கார்ந்து அழுதேன். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்தேன். திரும்பப் போய் மாற்றிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது.

மறுநாள் டீன் அறையில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். அதில் ஒரு மேடம் யார் சொன்னாலும் எளிதில் நம்ப மாட்டார். எழுத்துத் தேர்விலும் நான்தான் முதல் என்று டீன் சொன்னார். செய்முறையில்தானே புகார் என்றார் மேடம். மற்றத் தேர்வாளர்களும் கிட்டத்தட்ட அதே மார்க்தான் போட்டிருக்கிறார்கள் என்றார் டீன். ஒருவரிடம் சொன்னவர்கள் மற்றவர்களிடமும் சொல்லி வைத்திருக்கலாமே என்றார் மேடம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மேடம் என்னை வார்டுக்குக் கூட்டிப்போனார். அன்று காலைதான் அட்மிட் ஆன ஓர் அம்மாவைக் காட்டி, பரிசோதித்துச் சொல்லச் சொன்னார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவர். மேடம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை மெதுவாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இதய வால்வு சுருங்கினால் கேட்கும் அந்த மெல்லிய உறுமல் கேட்டது. முதல் வருடம் ஃபெயில் ஆனவள் நான். இந்தச் சத்தத்தைப் பிடிக்க நானும் புவனாவும் வார்டு வார்டாக அலைந்திருக்கிறோம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன்.

திரும்பி வந்து மேடம் சொன்னார்: "பொண்ணுக்கு விஷயம் தெரியுது. ஆனா விஷயம் தெரிஞ்சவங்களும் சிபாரிசு பிடிப்பாங்க. அந்த ஆட்டோவுல என்ன பேசினாங்கன்னு தெரியணும்."

டீன் போனை ஸ்பீக்கரில் போட்டு எக்ஸ்டர்னல் சாரைக் கூப்பிட்டார். புகாரைப் பற்றி எதுவும் சொல்லாமல், தேர்வுக்கு வந்தபோது கோயிலுக்கு ஆட்டோவில் போனீர்களா என்று மட்டும் கேட்டார். நேற்று நான் கேட்டது இதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

சார் உற்சாகமாகப் பேசினார். தேர்வுக்கு முந்தின சாயங்காலம் போனதாகவும், டிரைவர் ஒவ்வொரு லிங்கத்திலும் நிறுத்திப் பொறுமையாகக் காட்டியதாகவும் சொன்னார்.

"என்ன பேசிக்கிட்டீங்க சார்?" என்று மேடம் கேட்டார்.

"பொதுவாத்தான். நான் மெடிக்கல் காலேஜுக்குப் பரீட்சை வைக்க வந்திருக்கேன்னு சொன்னேன். அப்புறம் ஆள் கொஞ்சம் அமைதியாயிட்டார். கோயில்கிட்ட இறங்கும்போது பிள்ளைங்க எத்தனை பேருன்னு கேட்டேன். பாவம், அவருக்குக் குழந்தைங்க இல்லையாம். சொல்லும்போதே கண் கலங்கிடுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தோள்ல தட்டிக் கொடுத்துட்டு, உள்ள போய் அவருக்காகவும் வேண்டிக்கிட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏன் கேக்கறீங்க? அவருக்கு ஏதாவது ஆச்சா?" என்றார் சார்.

டீன் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். பிறகு சார் கேட்டார்: "அப்ப அவருக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கா சார்," என்றார் மேடம். "இங்கதான் நிக்கிறா."

புகாரை அத்தோடு முடித்துவிடுவதாக டீன் சொன்னது தவிர, அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. வெளியே வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் புவனா காலையிலிருந்து நின்றிருந்தாள், கையில் எனக்கான சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. அவளைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றேன். அப்பா துணியைக் கீழே போட்டுவிட்டு வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியில ஏறனப்புறம்தாம்மா அவரு யாருன்னு தெரிஞ்சுது. பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுன்னு சொன்னா எந்த காலேஜ்னு கேப்பாரு, பேர் கேப்பாரு. அப்புறம் நீ எவ்ளோ நல்லா பண்ணாலும் என்னாலதான் மார்க் வந்துச்சுன்னு ஆயிடும். அதான் யாரும் இல்லன்னுட்டேன்."

கீழே கிடந்த துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"கோபுரத்துக்கு எதிர்லயே நின்னு எனக்குப் புள்ள இல்லன்னு சொல்லிட்டேம்மா. அந்த வார்த்த பலிச்சிடுமோன்னு தெனம் பயந்து செத்தேன். உனக்கு இந்தப் பழி வந்ததும் என் வாயாலதான் வந்துச்சுன்னு நெனச்சேன். இத்த எப்படி உன்கிட்ட சொல்லுவேன்?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இருக்கேன் இல்லப்பா," என்றேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். வாசலில் அப்பா தயங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

சித்திரையில் நடந்த கல்லூரி விழாவில் எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மேடையில் நின்று பார்த்தபோது, முதல் வருடத்தில் ஃபெயில் ஆன புவனாவும் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பெரிய பதக்கம். மேடம் அப்பாவைத் தேடிப் போய்க் கும்பிட்டார். அப்பா பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

போட்டோவை அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு வாரம் எல்லாரையும் சந்தேகப்பட்டு வாழ்ந்து பார்த்துவிட்டேன், அது போதும். இப்போது நானும் புவனாவும் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெயில் ஆன ஜூனியர்கள் எங்களிடம் வந்து படிக்கிறார்கள். போன தேர்வில் அவர்களில் பலர் பாஸ். முடியாது என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் இனிப்போடு வந்து நின்றபோது எனக்கு அண்ணாமலையாரைப் பார்த்தது போலவே இருந்தது.

இதைப் படிக்கிற யாராவது இன்று ஒரு பழியோடு இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களையே நம்ப முடியாமல் இருக்கலாம். அப்படியென்றால் அண்ணாமலையாரிடம் போய், உண்மை வெளியே வரட்டும் என்று மட்டும் கேளுங்கள். கேட்கும்போது பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. நான் தோற்றுப்போவேன் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். என் அப்பா எனக்காக என்ன செய்தார் என்பதை அண்ணாமலையார் எனக்குக் காட்டினார்.