மரம் நேராகத்தான் இருந்தது

கோவளத்தில் தச்சு வேலை செய்யும் என் கணவர், இடது கண்ணை மூடி வலது கண்ணால்தான் மரத்தின் நேர் பார்ப்பார். சென்ற வருடம், கதவு நிலைக்கு வாங்கிய மரம் கோணல் என்று கடைக்கே திருப்பி எடுத்துப் போனார்.

"அண்ணாத்த, மரம் நேராத்தான் கீது. மொதல்ல கண்ணைக் காட்டு," என்றார் மரக்கடைக்காரர்.

"என் கண்ணுக்கு இன்னா? உன் மரந்தான் கோணல்," என்றார் இவர்.

சந்தேகப்பட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, "புரைதாம்மா. முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்," என்றார். மாதக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில், இடது கண்ணை மூடினால் என் முகத்தின் நடுவே கறுப்பாகத் தெரிகிறது என்றார் இவர்.

செங்கல்பட்டுக் கண் மருத்துவர் புரையே இல்லை என்றார். வயதானால் வரும் விழித்திரை நோய். நடுப்பார்வைக்கான இடத்தின் அடியில் ரத்தக் குழாய்கள் கசிந்து தழும்பாகிவிட்டது. மரம் வளைந்து தெரிந்தபோதே வந்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்பு இருந்ததாம்.

கண்ணாடிக் கடையில் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் சொல்றதுதாம்மா சொன்னேன்," என்றார், தலை நிமிராமல்.

இப்போது தினமும் காலையில் இவருடைய பார்வை போன வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணுக்கு ஜன்னல் கம்பிகள் நேராகத் தெரிகின்றனவா என்று கேட்கிறேன். என் கண்களையும் ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்க்கிறேன். கம்பி வளைந்து தெரிந்தால் அன்றே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவோம். அந்தக் கண்ணாடிக் கடையில் இன்னும் டார்ச் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.