காது கேட்காத சாமியாரும் சனிக்கிழமை வரிசையும்

சமையல் வேலை கேட்டு வந்த அன்று, "எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?" என்று பங்குச் சாமியார் கேட்டார். "தெரியும் சாமி" என்று அவள் தலையை ஆட்டிவிட்டாள். உண்மையில் தெரியாது. எழுத்துக் கூட்டிப் பழகுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டு வேலைக்குப் போனவள் அவள். வெட்கம் சொல்ல வைத்த பொய் அது. முதல் வாரம் சாமியார் கடைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானே சாமி, வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

மறு வாரச் சீட்டில் ஓர் எழுத்துக்கூட இல்லை. சோப்புக் கட்டி, துடைப்பம், வெங்காயம், எல்லாமே படம்.

"என் கையெழுத்து எனக்கே புரிய மாட்டேங்குதும்மா" என்றார். "போன ஞாயித்துக்கிழமை எழுதி வெச்சத படிக்க முடியாமதான் பிரசங்கத்தைப் பாதியில முடிச்சேன். அதனால இனிமே படம்தான்."

படம் வரைவதிலும் அவர் கெட்டிக்காரர் இல்லை. முட்டை என்று அவர் வரைந்ததை உருளைக்கிழங்கு என்று நினைத்து அவள் வாங்கி வந்தாள். மூன்று நாள் இருவரும் உருளைக்கிழங்கே சாப்பிட்டார்கள். அடுத்த சீட்டில் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோழியும் நின்றது.

இப்படி ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. சாமியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே அதை வீடு முழுக்கத் தேடுவார். காலைப் பூசைக்கு ஆள் குறைவாக இருந்தால், "வராதவங்களைத் திட்டப் போறதில்ல, அவங்கதான் இங்க இல்லையே. வந்த உங்களைத் திட்டினா அநியாயம். அதனால சீக்கிரம் முடிச்சுக்கலாம்" என்பார். அவருக்கு ஒரே ஒரு குறை, காது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம். சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலியின் வலதுபக்கம் சுவரை ஒட்டி இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் இடது பக்கம் நின்று கத்துவார்கள்.

"சாமி, பாடகர் குழுவில மறுபடியும் சண்டை!" என்று கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை கத்துவார்.

"ஆமா, மழை வரும்போலத்தான் இருக்கு" என்பார் சாமியார். கோயில்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு நாளில் சண்டை தானாகத் தணிந்துவிடும்.

அவருடைய காதால் கோயிலுக்கு ஒரு பெருமையும் வந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், சாமியார் உள்ளே உட்கார்ந்து மக்கள் சொல்லும் பாவங்களைக் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை வாசல் வரை நிற்கும். பக்கத்துப் பங்குகளிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். "நம்ம சாமிக்குக் கேக்காது, ஆண்டவருக்குக் கேட்டாப் போதும்" என்று வரிசையில் நிற்பவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். வருஷக் கணக்கில் உள்ளே வைத்துப் புழுங்கியதையெல்லாம் கொட்டிவிட்டு, முகம் தெளிந்து வெளியே வருவார்கள்.

அந்த வரிசையில் சமையற்காரியும் மாதம் ஒருமுறை நிற்பாள். கோபப்பட்டது, பூசைக்குப் பிந்தி வந்தது, பால்காரரை மனதுக்குள் திட்டியது எல்லாவற்றையும் சொல்வாள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் வேண்டாம் என்று போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்த வீட்டார், அச்சாபீசில் வேலை பார்க்கும் பையனுக்கு, அவளுடைய தங்கையைக் கேட்டார்கள். இவளுக்கு வயிறு எரிந்தது. பையனுடைய அத்தை இவளைத் தனியாக அழைத்து விசாரித்தபோது, "தங்கச்சிக்கு அப்பப்ப வலிப்பு வரும். நாங்க வெளிய சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. வேறு யாரும் வரவுமில்லை. தங்கை இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் தையல் மிஷினோடு இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இவள் தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோவாள். வாசலிலேயே கொடுத்துவிட்டு, "நேரமாச்சு" என்று திரும்பிவிடுவாள். தங்கை வீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இந்தப் பாவத்தை அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவளுக்கு ஒருநாள் இடி விழுந்தது. பங்குப் பேரவைத் தலைவரான மருந்துக்கடைக்காரர், பூசை முடிந்ததும் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். "நம்ம சாமிக்குக் காது கேக்கற மிஷின் ஒண்ணு என் மகன் வாங்கி அனுப்பறான். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாடியும் மாட்டிவிடப் போறோம்!"

கைதட்டல் மெதுவாகத்தான் எழுந்தது. பலருக்கு முகம் வெளுத்திருந்தது.

நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று வரிசை கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கே!" என்று கோயில்பிள்ளை வாயைப் பிளந்தார். சமையற்காரி கடைசி ஆளாக நின்றாள். முழங்காலிட்டு, தொட்டியின் வலதுபக்கச் சன்னலில் வாயை வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சாமியார், வழக்கமான உரத்த குரலில் அல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"சாப்பாடு கொடுத்துட்டு வந்துடறேன்னு சொன்னியேம்மா. அங்க உக்காந்து ஒருவாய் சாப்பிட்டிருக்கியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சாமி! உங்களுக்கு... காது...?"

"இடது பக்கம்தான் அவுட்டு. இந்தப் பக்கம் பிறந்ததிலிருந்து நல்லாத்தான் கேக்குது."

"ஐயோ! அப்ப எல்லாரும் சொன்னது..."

"எல்லாம் கேட்டது. கேட்டது இங்கேயே அடங்கிப்போச்சு. எனக்குக் கேக்காதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. அந்த நெனப்பால தைரியமா வராங்க, நான் எதுக்குக் கெடுக்கணும்?" சன்னலுக்குக் கிட்டே குனிந்தார். "உன் பாவத்தை நான் உயிர் போனாலும் வெளிய சொல்ல மாட்டேன். என் காதைப் பத்தி நீ சொல்லாத."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான், பாவத்துக்குப் பரிகாரமாக அவள் செய்யவேண்டிய அபராதத்தைச் சொன்னார்.

"மூணு ஞாயிறு தங்கச்சி வீட்டுக்குப் போ. பாத்திரம் எடுத்துட்டுப் போகாத. வெறுங்கையோட போய், பசிக்குதுன்னு சொல்லி, அவ போடறதைச் சாப்பிடு."

"அவகிட்ட உண்மையைச் சொல்லணுமா சாமி?"

"மொதல்ல உக்காரு. வாய் எப்ப திறக்குதோ அப்பப் பாத்துக்கலாம்."

மறுநாள் மருந்துக்கடைக்காரர் மிஷினைச் சாமியாரின் இடது காதில் மாட்டினார். "கேக்குதா சாமி?" என்று கத்தினார். "ஏன்யா கத்தற?" என்றார் சாமியார். கோயிலே சிரித்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை தொட்டிக்கு முன்னால் ஓர் ஈ காக்கைகூட இல்லை. சாமியார் ஒருமணி நேரம் தனியாக உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். அதற்கடுத்த சனிக்கிழமை, தொட்டிக்கு வெளியே ஓர் ஆணி அடிக்கச் சொன்னார். எல்லாரும் பார்க்க மிஷினைக் கழற்றி அதில் தொங்கவிட்டு உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் வரிசை வாசலைத் தொட்டது. சமையற்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அபராதம் அத்தனை சுலபமாக முடியவில்லை. முதல் ஞாயிறு வெறுங்கையோடு போய் நின்றபோது, தங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னக்கா, பாத்திரத்தை எங்க?"

"கொண்டு வரல. பசிக்குது."

"சாமியார் வீட்டுல அடுப்பு பத்தலையா?" என்று கேட்டுக்கொண்டே தையல் மிஷின் மேல் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினாள். முதல் ஞாயிறு தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள். இரண்டாம் ஞாயிறு ஊர்க்கதை பேசினார்கள். மூன்றாம் ஞாயிறு, தட்டில் கை வைத்தபடியே சமையற்காரி சொல்லிவிட்டாள்.

"தெரியும்" என்றாள் தங்கை. "அந்த வாரமே அந்தப் பையனோட அத்தை வந்து என்கிட்டயே கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன், நம்பல. யார் சொன்னதுன்னு கேட்டேன். சொன்னாங்க."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையேடி!"

"நான் எதுக்குக் கேக்கணும்? நீ சொல்லுவேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ பாத்திரத்தை வெச்சுட்டு ஓடிப்போயிடுவ. பதினாறு வருஷம்க்கா!" தட்டை வெடுக்கென்று எடுத்தாள். "இன்னைக்குப் போயிடு. என்னால இப்பப் பேச முடியாது."

சமையற்காரி படி இறங்கினாள். தெருமுனை வருவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்த வாரம் பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துடு. லேட்டா வந்தா ஆறிப்போயிடும்!"

அந்த வாரம் முழுக்க அவள் சமைத்த சூப்பில் உப்பே இல்லை. சாமியார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, தொட்டியில் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அவருக்குள்ள கட்டளை. உப்பு ஜாடியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவள் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போனாள். இரண்டு தட்டு போட்டிருந்தது. அன்று முதலில் திட்டு வாங்கினாள், பிறகு அழுதாள், பிறகு சாப்பிட்டாள். தங்கையின் கோபம் ஒரே நாளில் தீரவில்லை, சில ஞாயிறுகளில் புகைந்தது. ஆனால் தட்டு இல்லாத ஞாயிறு ஒன்றும் வரவில்லை.

மறு வருஷம் ஆயரிடமிருந்து மாற்றல் கடிதம் வந்தது. சாமியாரின் சாமான்கள் இரண்டு பெட்டியும் ஒரு சைக்கிளும்தான். வாசலில் கார் நின்றது. பங்கு மொத்தமும் கூடியிருந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தபடி இடது காதில் ஏதோ கத்தினார். அக்காளும் தங்கையும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆசீர்வாதத்துக்குக் குனிந்தார்கள். இருவர் தலையிலும் கை வைத்தார். கார்க் கதவைத் திறந்தவர், திரும்பி, "இந்த ஞாயிறு யார் வீட்டுலம்மா சாப்பாடு?" என்றார்.

"என் வீட்டுல சாமி" என்றாள் தங்கை. "இவங்க வரும்போதே அரை வயிறு ரொப்பிக்கிட்டு வந்து, போதும் போதுங்கறாங்க. நீங்களே கேளுங்க."

சாமியார் சமையற்காரியைப் பார்த்துச் சிரித்தார்.

"பசியோட போம்மா" என்றார். "ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடு."