பனிப் பள்ளத்தாக்கில் ஒரு மீன் குறி

கீழே டீக்கடையில் மசால்வடை எண்ணெய் காயும் வாசனை அப்படியே மாடிக்கு ஏறும்...

முத்தியால்பேட்டையில் அந்த மாடி அறையில்தான் எனக்கு முதல் வேலை. பழைய பிரெஞ்சு கையெழுத்தைப் பார்த்து கம்ப்யூட்டரில் டைப் அடிக்க வேண்டும். மார்க் அள்ளலாம் என்று ஸ்கூலில் பிரெஞ்சு எடுத்தவள் நான். பக்கத்து சீட் ஃபிலோமினா கான்வென்ட்டில் ஒழுங்காகப் படித்தவள்.

ஒருமுறை கனடாவில் ஏதோ மலைப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நோட்டு ஸ்கேனாகி வந்தது. ரோமத்தோலுக்காகப் பொறிவைத்து மிருகம் பிடித்தவர்களின் நோட்டு. மிருகங்கள் பாவம்தான்... ஆனால் அந்த மனிதர்கள்!

பனிக்காட்டுக்குள் பூட்டில்லாத ஒரு மரக்குடிசை. யாரும் தங்கலாம். கிளம்பும்போது, அடுத்து வருபவனுக்கு விறகு வெட்டி அடுக்கிவிட்டு, எந்த வழி நல்ல வழி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் நடந்த தடங்கள்தான் பிறகு ரோடு ஆயின. அந்தக் குடிசையைச் சுற்றித்தான் ஊரே வந்தது.

முகம் தெரியாதவனுக்கு விறகு... படிக்கப் படிக்க மலைத்துப் போனேன்.

ஆனால் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். நிறைய பக்கங்களில் ஒரு அம்பு, பக்கத்தில் மீன் மாதிரி ஒரு கிறுக்கல். மைக்கறை என்று நினைத்து "படிக்க முடியவில்லை" என்று அடித்துத் தள்ளிவிட்டேன். அன்று சாயங்காலம் அனுப்பியாக வேண்டும். சரிபார்த்த ஃபிலோ நிறுத்திவிட்டாள். எழுதத் தெரியாத ஒருத்தர் அம்பு போட்டு வழி சொல்லி, மீன் வரைந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றாள்.

சூப்பர்வைசர் நேரமில்லை, விடுங்கள் என்றார். நானும் அதையேதான் சொன்னேன்.

ஃபிலோ என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா மில்லுல கடைசி வரைக்கும் கைநாட்டுதான்டி. அதையும் கறைன்னு தள்ளிருப்பியா?"

சுருக்கென்றது. என் அப்பாவும் அதே மில்தான், அதே கைநாட்டுதான்.

சாப்பிடாமல் எல்லாப் பக்கத்தையும் மறுபடி பார்த்து, "மீன் குறி போட்டவர்" என்று சேர்த்தோம். லேட்டானதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவள் ஃபிலோ. வேலையே போயிருக்கும்... அவள் அசரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

போன வாரம் செல்லில் அந்தப் பள்ளத்தாக்கைத் தேடினேன். அங்கே இப்போது ஒரு மியூசியம். சுவரில் ஊரை உண்டாக்கியவர்களின் பெயர்கள். நடுவில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில்... ஒரு மீன்.

இங்கே மில்லை மூடி எவ்வளவோ காலமாயிற்று. எங்கள் அப்பாக்கள் கைநாட்டு வைத்த நோட்டெல்லாம் எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ.

மியூசியம் போட்டோவை ஃபிலோவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது.

"எங்கப்பாவ பாத்த மாதிரி இருக்குடி."