நூலகக் கூட்டத்துக்கு வெளியே

இன்று பின்னேரம் நானும் பக்கத்து வீட்டு மூர்த்தி அண்ணையும் நூலகச் சபையின் கூட்டத்துக்குப் போனோம். எங்கள் தெருமுனை நூலகத்தை மூடுவதா என்று முடிவெடுக்கும் கூட்டம். அண்ணையின் மனைவி அங்கேதான் ஆங்கிலம் படிக்கிறார்.

சொல்ல வேண்டியதை அண்ணை பஸ்ஸில் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் கைப்பிடியில் கை வைத்தேன்.

"பொறும் தம்பி, கூப்பிடுவினம்."

ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலக வாசலிலும் இங்கே அகதி விசாரணையிலும் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். வெளியே கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தோம்.

கதவு திறந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. வெளியே வந்த பெண் அதிகாரி எங்களைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"சட்டப்படி இந்தக் கூட்டத்துக்கு யாரும் வந்து உட்காரலாமே. பொதுமக்கள் யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டார். உள்ளே ஒருவருமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நூலகத்தை மூடுகிறார்களாம்.

 திரும்பும்போது பஸ்ஸில் அண்ணை கேட்டார்: "கதவு சும்மாதான் சாத்தியிருந்தது, என்ன?"

"ஓம் அண்ணை."

இந்த நாட்டில் வேறு எந்தெந்தக் கதவுகளைக் கூப்பிடாமலே திறக்கலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அண்ணைக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.